கருவறைக்கு எதிர்ச்சுவர்

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சி மலைக்கோட்டைக்குப் போனோம். தாயுமானவரைத் தரிசித்துவிட்டு உச்சிப் பிள்ளையாருக்கு ஏறும்போது, வழியில் ஒரு குகைக்கோயில். ‘மகேந்திர பல்லவன் வெட்டியது, பார்க்காமல் போகாதீர்கள்’ என்று ஒருவர் சொன்னார். உள்ளே போனால் கருவறையில் சாமியே இல்லை. தரையில் ஒரு குழிதான் இருந்தது. இப்படிப் பாழாகக் கிடப்பதற்குப் பதில் ஒரு லிங்கத்தை வைத்துப் பூஜை நடத்தினால் நாலு பேர் வருவார்களே? – ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: சாமி இல்லை என்று யார் சொன்னது? நீங்கள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

உங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயில் என்றால் கருவறையை எட்டிப் பார்ப்பது, கன்னத்தில் போட்டுக்கொள்வது, அடுத்த படிக்கு நடையைக் கட்டுவது என்று நம் கழுத்து பழகிவிட்டது. அந்தக் குடைவரையில் கருவறை கிழக்குச் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, மேற்குச் சுவரை நிறைத்துக்கொண்டு கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் தாங்கும் சிவன், நிற்கிறார். ஒரு கால் தரையில். மடித்துத் தூக்கிய இன்னொரு காலைக் கீழே ஒரு பூதகணம் தாங்குகிறது. ஒரு கையால் தன் சடையில் ஒற்றைக் கற்றையை நீட்டிப் பிடிக்கிறார். அந்தக் கற்றையை நோக்கிக் கங்கை இறங்குகிறாள். வெள்ளமாக அல்ல, கைகூப்பிய ஒரு சின்னஞ்சிறு பெண்ணாக! காலடியில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் எங்கிருந்தோ செதுக்கிக் கொண்டுவந்து பதித்த சிலை அல்ல, மலையேதான். உளி ஒரு முறை ஆழமாக இறங்கியிருந்தால் ஒட்டுப்போட வழியில்லை.

அந்தச் சிற்பத்தின் இரு பக்கமும் இருக்கும் அரைத்தூண்களைக் கவனித்தீர்களா? அவற்றில் பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதச் சுலோகங்கள் இருக்கின்றன. இந்த நாட்டில் கோயில் கட்டிய ராஜா எல்லோரும் கல்வெட்டில் தன் பெருமை பேசியிருக்கிறார்கள். மகேந்திரனும் பேசுகிறான், ஆனால் பேசும் விதமே வேறு. சிவனுக்கு நதிகள் என்றால் பிரியம். காவிரியோ கண்ணுக்கு இனிய நீரும், தோப்புகளையே மாலையாகப் போட்ட அழகும் கொண்டவள். இவளைக் கண்டால் கணவர் மயங்கிவிடுவாரோ என்று மலைமகளுக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கிவிட்டாளாம். ‘இந்த நதி பல்லவனுக்கு உரியவள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

பக்கத்துச் சிற்பத்தில் சடையில் கங்கை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் படிக்க வேண்டும். தலையில் ஒருத்தி ஏறியாகிவிட்டது, மலைக்குக் கீழே இன்னொருத்தி ஓடுகிறாள். எந்த மனைவிக்குத்தான் தூக்கம் வரும்? காஞ்சியிலிருந்து அரசாண்ட பல்லவன், சோழநாட்டு ஆற்றைத் தன் காதலி என்று அம்பாள் வாயாலேயே பட்டா போட்டு வாங்கிக்கொண்டான் என்பது இதில் இருக்கும் அரசியல். ‘மத்தவிலாசம்’ என்று கேலி நாடகம் எழுதியவன் அல்லவா, குசும்பு போகுமா?

இன்னொரு சுலோகம் இடத்தேர்வுக்கே காரணம் சொல்கிறது. ‘பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு நான் சோழரின் வளத்தையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது?’ என்று சிவன் கேட்டாராம். அதனால் மேகம் தொடும் இந்த மலையில் அவருக்கு வீடு கொடுத்தானாம் குணபரன். குணபரன், லளிதாங்குரன் எல்லாம் மகேந்திரனின் பட்டப்பெயர்கள். அதை வைத்துத்தான் இந்தக் குடைவரைக்கு லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்து வேலை. மாற்று நெறியிலிருந்து லிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதையும் மன்னன் இங்கேதான் பதிந்திருக்கிறான். கங்காதரரின் முகமே அவன் முகம்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அதே குடைவரையில், பின்னால் வந்த நாராயணன் என்ற புலவர் பாடிய சிராமலை அந்தாதி, நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பாட்டு, கல்லில் வெட்டியிருக்கிறது. இதைத்தான் ‘பாழாக’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, லிங்கம் வைக்கும் யோசனைக்கு வருகிறேன். பூஜை நின்றுபோன நிலையில் பாதுகாப்புக்கு வந்த சின்னத்தில் புதிதாகப் பூஜை தொடங்க இந்தியத் தொல்லியல் துறை விடுவதில்லை. அந்தத் துறை மேல் எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு, ஆனால் இந்த ஒன்றில் நான் அதன் பக்கம். பூஜை வந்தால் எண்ணெய் வரும், அப்புறம் வழவழ டைல்ஸ், குழல்விளக்கு, உபயதாரர் பெயர்ப்பலகை. அதை மாட்டத் துளை போடும் இடம் அநேகமாக அந்த அரைத்தூணாகத்தான் இருக்கும். கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டைத் தேய்த்த கோயில்கள் நம் ஊரில் குறைச்சலா? அதே மலையில் கீழே மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், மேலே உச்சிப் பிள்ளையார் என்று மூன்று வேளையும் மணி அடிக்கிறது. கும்பிட இடமில்லாமல் யாரும் திரும்பவில்லையே.

இன்னொரு விஷயம். நீங்கள் ஒரு குடைவரையைத்தான் பார்த்தீர்கள். மலையடிவாரத்தில், வீடுகள் நெருக்கிய பகுதியில் இன்னொன்று இருக்கிறது, இதைவிடப் பெரியது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்பார்கள். இரண்டு முனையிலும் சிவனுக்கும் திருமாலுக்கும் கருவறைகள். பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், கொற்றவை என்று வரிசையாக நிற்கிறார்கள். கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அறுத்துக் கொடுக்கிறான். நான் போன அன்று அந்தச் சுவர் முன்னால் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். வேறு ஈ காக்கை இல்லை. இரண்டு தெரு தள்ளிப் பெரியகடை வீதியில் ஜவுளி எடுக்கும் கூட்டம் தோளோடு தோள் இடிக்கிறது.

கோடையில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது உச்சியிலிருந்து பார்த்தாலும் ஆற்றில் மணல்தான் தெரிந்திருக்கும். அடுத்த முறை ஆடியில் போங்கள். முதலில் அந்த மேற்குச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மேலே ஏறி வடக்கே பாருங்கள். கரை தொட்டு ஓடும் காவிரியைப் பார்த்த பிறகு, மலைமகளின் பயம் நியாயமா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.