செல்லின் எரிபொருளான ஏடிபி (ATP) இல்லாமல், சுற்றியுள்ள மூலக்கூறுகளின் ஓயாத வெப்ப அலைவை மட்டும் கொண்டு மூலக்கூறு மோட்டார் ஓடாதா?

ஓடாது. செல்லுக்குள் சரக்கைச் சுமந்து அடியடியாக நடக்கும் மோட்டாரான கைனெசின் புரதத்தை எடுத்துக்கொள்வோம். நீர் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் ஓயாமல் முட்டுகின்றன. முன்னோக்கிய தள்ளலை மட்டும் பிடித்துப் பூட்டினால் போதுமே என்று தோன்றும். ஆனால் எது முன்னோக்கியது என்று அறிந்து பதிந்துகொள்ள வேண்டும், அடுத்த சுற்றுக்கு அந்தப் பதிவை அழிக்கவும் வேண்டும். செலவு அழிப்பில்தான் இருக்கிறது. 1961இல் இயற்பியலாளர் ரோல்ஃப் லாண்டவர் காட்டியபடி, ஒரு பிட் தகவலை அழிக்கும்போது உடல் வெப்பநிலையில் குறைந்தது சுமார் 3×10⁻²¹ ஜூல் வெப்பம் வெளியேறும். அதுவும் மிக மெதுவாக அழித்தால்தான்; அவசரப்பட்டால் செலவு ஏறும்.

செல்லுக்குள் ஒரு ஏடிபி சிதைந்தால் கிடைப்பது ஏறத்தாழ 8×10⁻²⁰ ஜூல், அந்த எல்லையைப் போல் 25 மடங்குக்கு மேல். கைனெசினின் ஓர் அடி 8 நானோமீட்டர். சுமார் 6 பிகோநியூட்டன் எதிர்விசையில் அது நின்றுவிடும். ஆகவே ஓர் அடியில் செய்யும் வேலை அதிகபட்சம் 4.8×10⁻²⁰ ஜூல், அதாவது ஏடிபி தரும் ஆற்றலில் சுமார் 60%.

மீதியை வீண் என்று கருதுவது தவறு. பின்னடி வைக்காமல் வேகமாக நடப்பதற்கான விலை அது. ஏடிபி (ATP), அது சிதைந்து உண்டாகும் ADP, பாஸ்பேட் ஆகிய மூன்றின் செறிவும் வேதிச் சமநிலைக்கு வந்துவிட்டால், சுமையில்லாத மோட்டாரும் முன்னும் பின்னும் சம வாய்ப்பில் தள்ளாடும்.