பாழடைந்த வீடுகளைப் படமெடுக்க எந்தக் கமரா?

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் நாற்சார் வீடுகள், மடங்கள், பழைய சங்கக்கடைகளைப் படமெடுக்க ஆசை. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. “உள்ளே இருட்டு, ஒளியைப் பிடிக்கும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம்தான் சரிவரும். இப்போது பாடியை எடுங்கள், லென்ஸைப் பிறகு பார்க்கலாம்” என்கிறார் பாவித்த கமரா விற்பவர். வாங்கலாமா?
- வாசகர், கரவெட்டி

பதில்: வேண்டாம். லென்ஸ் இல்லாத கமராவை வைத்து என்ன செய்வீர்கள்?

கலியாண வீட்டில் ஆட்கள் நடமாடுவார்கள், அங்கே அந்தக் கமரா உதவும். நீங்கள் எடுக்கப்போவது சுவரையும் கதவையும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400-இல் 1/8 வினாடி கேட்கும் இருட்டறையை, கமராவை ஸ்டாண்டில் வைத்து ஐஎஸ்ஓ 100-இல் 8 வினாடி எடுத்தால் அதே வெளிச்சம் கிடைக்கும், புள்ளி புள்ளியாகத் தெரியாது. பெரிய சென்சாரால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடும். ஸ்டாண்ட் இங்கே ஆறு ஸ்டாப் தருகிறது.

ஆகவே பாவித்த ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கமரா, அகல லென்ஸ், ஆடாத ஸ்டாண்ட். காசு இடித்தால் கமராவில் குறையுங்கள், ஸ்டாண்டில் குறைக்காதீர்கள். கமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 மில்லிமீட்டர் (எண் குறையக் குறையப் பார்வை அகலும்) முற்றத்துக்குப் போதும், சின்ன அறைக்குள் நின்றால் போதாது. கெனனில் 10-18 லென்ஸ் நல்லது. நைக்கானில் ஏஎஃப்-பி 10-20 இருக்கிறது, ஆனால் டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் அது ஃபோகஸ் ஆகாது. மாட்டிப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

எங்கள் கடற்காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் லென்ஸில் பங்கஸ் (பூஞ்சணம்) பிடிப்பது சர்வசாதாரணம். பின்பக்கமாக டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். வெள்ளைச் சுவரை எஃப்16-இல் (லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி) ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி தெரியும். ஷட்டர் எண்ணிக்கையையும் (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று) கேளுங்கள்: நைக்கான் டி5300 போன்றவற்றின் ஷட்டர் 1,00,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. “ஒரு மாதம் வாரண்டி” என்று வாயால் சொன்னால் பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பில் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அப்படிச் சொல்கிறது. மறுத்தால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

அப்புறம் ஒன்று. வீட்டுக்காரர் கனடாவில் இருந்தாலும் வளவு அவருடையதுதான்; பக்கத்து வீட்டில் கேட்டு உறவினர் மூலம் அனுமதி எடுங்கள். படையினர் மீளக் கையளித்த காணிகளில் கண்ணிவெடிச் சிவப்புப் பலகை இருந்தால் எட்டியும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையை மேலிருந்து எடுக்க ட்ரோன் வாங்கலாமா?
- வாசகி, தெல்லிப்பழை

பதில்: 1990-இல் போரோடு நின்றுபோன இடம், மேலிருந்து நல்ல படம்தான். ஆனால் பக்கத்திலேயே துறைமுகமும் கடற்படையும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் ஒருபுறம், பாதுகாப்புத் தரப்பின் அனுமதி மறுபுறம். முதலில் அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதற்கு முன் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.