முதல் டேப்லெட்: பெட்டி சொல்வதும் சொல்லாததும்

ஒரே விலையில் இரண்டு டேப்லெட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ரேம் 4 ஜிபி, இன்னொன்றில் 8 ஜிபி. எட்டைத்தானே எடுக்க வேண்டும்?

அந்த எட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கீழே பொடி எழுத்தில் '4+4' என்று போட்டிருப்பார்கள். முதல் நான்குதான் ரேம், அதாவது செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் வேகமான தற்காலிக நினைவகம். அடுத்த நான்கு சேமிப்பிலிருந்து எடுத்த கடன். சேமிப்பு ரேமை விடப் பல மடங்கு மெதுவானது என்பதால், அந்தக் கடனால் வேகம் கூடாது. அவசரத்தில் வாங்கி நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வீடியோ ஓடும்போது இன்னொரு செயலியைத் திறந்தால், வீடியோ முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

நிஜமான ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். 32 ஜிபி என்றால் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளுமே பெரும் பங்கை விழுங்கிவிடும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பாட்டு, படம், பிடிஎஃப் எல்லாம் அதில் போகும். பல செயலிகள் போகாது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிடிஎஃப் படிக்கவும் பேனாவால் குறிப்பெழுதவும் வேண்டும். பத்து அங்குலம் போதுமா?

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாளில் 13.6 செ.மீ. அகலம், 21.7 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். 16:10 விகிதத்தில் வரும் 10.1 அங்குலத் திரையின் அளவு அதுதான். அதை ஒரு ஏ4 தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தாளின் அகலம் 21 செ.மீ., அதாவது பக்கம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கித்தான் தெரியும். அடிக்குறிப்பு வரும்போதெல்லாம் இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 4:3 விகிதத் திரை, உதாரணமாக 10.2 அங்குல ஐபேட், கிட்டத்தட்ட 15.5 செ.மீ. அகலம் தரும். இரண்டு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும்; நாலு மணி நேரம் படித்த பிறகு தெரியும்.

அடுத்தது திரையின் புள்ளிகள். பத்து அங்குலத்தில் 1280×800 என்றால் 'ஞ', 'ணை' போன்ற சுழி எழுத்துகள் சிறிய அளவில் பிசிறடிக்கும். 1920×1200 கிடைத்தால் விடாதீர்கள். கேமராவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பேனா விஷயத்தில் ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனா எந்தத் திரையிலும் எழுதும். ஆனால் உங்கள் உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். கை ஊன்றி எழுத வேண்டுமென்றால், எந்தப் பேனா அந்த மாடலோடு வேலை செய்யும் என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முழு எச்டி திரை என்றுதான் வாங்கினேன். யூடியூப் பளிச்சென்று இருக்கிறது, நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் மங்கல். திரையில் கோளாறா?

திரை நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் இது வைட்வைன் என்ற, படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டின் வேலை. அதில் உயர்ந்த நிலையான எல்1 அனுமதி இல்லாமல் கீழ்நிலை எல்3 மட்டும் இருந்தால், நெட்ஃப்ளிக்ஸ் எச்டியை விடக் குறைந்த எஸ்டி தரத்துக்கு மேல் தராது. பெட்டியில் இதைப் பெரும்பாலும் போடுவதில்லை. வாங்குமுன் மாடல் பெயரோடு 'வைட்வைன் எல்1' என்று சேர்த்துத் தேடிப் பார்ப்பது நல்லது.

சிம் போடும் மாடல் அவசியமா?

வீட்டுக்குள் மட்டும் என்றால் வேண்டாம். வெளியே போனால் போனின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. ஒரு சங்கதி மட்டும்: சிம் இல்லாத ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வண்டியில் வழி பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் யோசியுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஐபேட் வாங்கலாமா?

தாராளமாக. மட்டமான புது டேப்லெட்டை விட, பராமரித்த பழைய ஐபேட் எவ்வளவோ மேல். ஆனால் விற்பவர் உங்கள் கண்முன்னே தன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, முதல் நாள் வரவேற்புத் திரையைக் காட்ட வேண்டும். 'பாஸ்வேர்டு அப்புறம் அனுப்புகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஐபேட் அவர் கணக்கோடு பூட்டியிருக்கும்; அந்தப் பூட்டு திறக்காவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் பலகை. ஆண்ட்ராய்டிலும் இதே மாதிரிப் பூட்டு உண்டு.

பிறகு மாடல் வயது. முதல் ஐபேட் ஏர், மினி 2, மினி 3 மூன்றும் ஐஓஎஸ் 12-லேயே நின்றுவிட்டன; இன்றைய செயலிகள் பல அதில் ஏறாது. டேப்லெட்டை மேசையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். திரை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அப்பாவுக்கு வாங்க வேண்டும். படுத்துக்கொண்டே செய்தி படிப்பார். பெரிய திரைதானே நல்லது?

எழுத்தைப் பெரிதாக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது, எடையைக் குறைக்க வழி இல்லை. பத்து அங்குலம் அரைக் கிலோவை ஒட்டி வரும், உறை போட்டால் இன்னும் கூடும். எட்டு அங்குலம் ஏறக்குறைய 350 கிராம்தான். தூக்கக் கலக்கத்தில் முகத்தில் விழுந்தாலும் அடி குறைவு.