இரண்டாவது சப்வூஃபர்: வாங்கலாமா, எங்கே வைப்பது?

சோமனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஹால் 16க்கு 12 அடி, கான்கிரீட் வீடு. ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர், டிவி பக்கத்து மூலையில் 10 இன்ச் சப்வூஃபர். ஹால் நடுவில் சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் சப்பென்று இருக்கிறது. பின்சுவர் ஓரம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் வீட்டுக்காரம்மாவோ, 'ஏனுங்க, குமுறுதுங்க, குறைங்க' என்கிறார். இன்னொரு சப் வாங்கினால் சரியாகுமா, இல்லை 12 இன்ச்சாக மாற்றிவிடலாமா?"

12 இன்ச் வேண்டாங்க. உங்கள் சப்புக்கு, அதாவது பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்றே உள்ள அந்தப் பெட்டிக்கு, வலு குறைவில்லை. அதே மூலையில் பெரியதை வைத்தால் சாப்பாட்டு மேசையில் குமுறல்தான் கூடும். இரண்டாவது சப் உதவும், ஆனால் வைக்கிற இடத்தில் வைத்தால்தான்.

ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி போகும். அதில் பாதி 565. அதை எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவிலுள்ள அடிக்கணக்கால் வகுத்தால், அந்த அறை எந்த அதிர்வெண்ணில் முதலில் ஊதிப்பெருக்கும் என்று தெரிந்துவிடும். உங்கள் ஹாலின் நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 35 அதிர்வு), அகலத்துக்கு 47. இந்த இரண்டிலும் ஒலி சுவரோரம் குவியும் (மேடு), நட்டநடுவில் காணாமல் போகும் (பள்ளம்). நீங்கள் சோபா போட்டிருப்பது அந்த நடுவில். வீட்டுக்காரம்மா இருப்பது குவிகிற இடத்தில். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பேஸ் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது உங்கள் இரண்டு பள்ளத்துக்கும் இடையில். பாட்டில் அடிநாதம் மெலிந்து கேட்பதில் ஆச்சரியமில்லை.

பழைய ஓட்டு வீடாக இருந்தால் பேஸில் ஒரு பங்கு ஓட்டுச் சந்து வழியாக வெளியே போயிருக்கும். கான்கிரீட் கூரையும் பூசிய செங்கல் சுவரும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். போதாததற்கு, மூலையில் வைத்த சப் அறையின் எல்லா அதிர்வுகளையும் ஒன்றுவிடாமல் கிளப்பிவிடும். ஆம்பில் பேஸைத் திருகினாலும் பள்ளம் நிரம்பாது, மேடுதான் உயரும்.

இப்போது இரண்டாவது சப். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று. நீளவாக்கில் முதல் அதிர்வுக்கு இரண்டு கோடியும் நேர்மாறாக இயங்கும். இரு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தள்ளினால் அது கிளம்பாது. தூரியை (ஊஞ்சலை) ஆளுக்கொரு பக்கம் நின்று சேர்ந்து தள்ளினால் ஆடாமல் நிற்குமே, அப்படி. அகலவாக்கில் இரண்டு சப்பும் நடுவிலேயே இருப்பதால் 47-ம் தூண்டப்படாது. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு சப், நான்கு வைத்ததற்குக் கிட்டத்தட்ட நிகராகச் சமன் தருகிறது. அதைத் தாண்டி அடுக்கிக்கொண்டே போவதில் பெரிய லாபமில்லை.

ஒரு மிச்சம் இருக்கும். நீளவாக்கில் 35-இன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸ் அதிர்வு போகாது, அதற்கு ஹாலின் நடு ஒரு மேடு. சோபாவை இரண்டடி பின்னே தள்ளுங்கள், கொஞ்சம் அடங்கும். மீதியை ஈக்வலைசரில் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) குறைக்கலாம். மேட்டைக் குறைக்க அது நல்ல கருவி, பள்ளத்தைத் தூர்க்க உதவாது.

பின்சுவர் நடுவில் வாசல் இருக்கிறதா? நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் சமையலறைக்கு வழி. அப்படியென்றால் குறுக்கு மூலைகளில், முன் இடது, பின் வலது என்று வையுங்கள். அவ்வளவு சுத்தமாக இருக்காது, ஆனாலும் இப்போதிருப்பதைவிட எவ்வளவோ தேவலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மட்டும் வேண்டாம். சத்தம் 6 டெசிபல் ஏறும், பள்ளம் அங்கேயே இருக்கும்.

ஆம்பில் ஒரு சப் அவுட்தான் என்றால் கவலையில்லை, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போதும். பின்சுவர் வரை போகும் கேபிள் ஷீல்டு போட்டதாக இருக்கட்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் விடாதீர்கள். இரண்டு சப்பிலும் ஃபேஸ் ஸ்விட்ச் (சப் தள்ளுவதை இழுப்பதாகத் திருப்புவது) ஒரே நிலையில் இருக்க வேண்டும். 'எதிரில் இருப்பதை 180-க்குத் திருப்புங்க' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தள்ளுகிற இரண்டு கையில் ஒன்று இழுக்க ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கரோடு ஒட்டவில்லையென்றால் இரண்டையும் சேர்த்தே திருப்பிப் பாருங்கள். கிராஸோவரை, அதாவது சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். அதற்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது, அதனால் முதுகுக்குப் பின்னால் சப் இருப்பது உறுத்தாது.

அப்புறம் அளவு. ஒன்றை அணைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் ஓட்டி, சோபாவில் போனை வைத்து ஒலி அளக்கும் ஆப்பில் பாருங்கள். போன் மைக் கீழ் பேஸில் துல்லியமில்லை, ஆனால் இரண்டையும் ஒப்பிடப் போதும். சமமானதும் இரண்டையும் ஓட்டி, சப் இருப்பதே தெரியாத அளவுக்கு இரண்டு குமிழையும் ஒரே அளவு இறக்குங்கள். பக்கத்தில் தறி ஓடுகிறதென்றால், தறி நிற்கிற நேரம் பார்த்து இதைச் செய்யுங்கள். தறிக்கூடத்தின் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கையில் பேஸை அமைத்தால் எப்போதும் தூக்கலாகத்தான் வைப்பீர்கள்.

இரண்டாவது சப் வந்ததும் ஊம் என்று ஒரு இரைச்சல் வரலாம். உங்கள் பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட் உள்ள வீடுகள் உண்டு. முன்சுவர் சாக்கெட் ஒரு கரண்ட் ஃபேஸிலும் பின்சுவர் சாக்கெட் இன்னொன்றிலும் இருக்கலாம். ஆம்பையும் இரண்டு சப்பையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னைக் கழற்றி இரைச்சலை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும் வேலை.

வாங்கும்போது இப்போதிருக்கும் அதே மாடல்தான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் வகையாவது ஒன்றாக இருக்கட்டும்: ஓட்டை இல்லாத மூடிய பெட்டியென்றால் இன்னொன்றும் மூடியதே. ஓட்டை வைத்ததும் மூடியதும் கீழ் பேஸில் ஒன்றுக்கொன்று முன்பின்னாகப் போகும், ஒரே மாதிரி தள்ளுவது என்ற கணக்கே குலைந்துவிடும். அந்த மாதிரி ஜோடியைத்தான் கடைக்காரர் சலுகை விலையில் காட்டுவார்.