வயரில்லா வி.ஆர்: தனி ரவுட்டர் வேண்டுமா? – கேள்வி பதில்

கம்ப்யூட்டரில் ஓடும் வி.ஆர். (மெய்நிகர்) விளையாட்டை வயர் இல்லாமல், கண்ணில் மாட்டும் ஹெட்செட்டுக்குக் கொண்டுவருவதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரவுட்டரைப் பற்றியவை. அதனால் இந்தத் தடவை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வி.ஆர். ராத்திரி நேரத்துப் பைத்தியம்.

வீட்ல 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கு. க்வெஸ்ட் 2ல ஏர் லிங்க் போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் படம் கட்டம் கட்டமா உடையுது. பிளானை 500க்கு மாத்தினா சரியாகுமா? (தாம்பரம்)

ஆகாது. அந்தக் காசை வைத்திருங்கள், கேபிள் வாங்க உதவும்.

க்வெஸ்ட் 2 என்பது மெட்டாவின் ஹெட்செட். கம்ப்யூட்டர் படத்தை வயரில்லாமல் அதற்குக் கொண்டுவரும் வசதிதான் ஏர் லிங்க். அந்தப் படம் இணையத்திலிருந்து வரவில்லை. உங்கள் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு காட்சியையும் வரைந்து, வீடியோவாகச் சுருக்கி, ரவுட்டர் வழியாகக் காற்றில் அனுப்புகிறது. ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. வினாடிக்கு 72 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 13.9 மில்லிசெகண்ட். 90 என்றால் 11.1.

யூடியூப் பார்க்கும்போது அடுத்த சில வினாடிகளுக்கான படம் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். நடுவில் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் தெரியாது. இங்கே அப்படிச் சேமிக்க முடியாது. அடுத்த நொடி நீங்கள் தலையை எந்தப் பக்கம் திருப்புவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாதே!

வைஃபை சேனலில், அதாவது ரவுட்டர் பேசும் அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஹாலில் டிவி ஓடுகிறது, தங்கையின் போன் எதையோ அப்டேட் செய்கிறது, பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில் இருக்கிறது. உங்கள் படம் வரிசையில் நிற்கிறது. சராசரி வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நடுவில் 30 மில்லிசெகண்ட் காத்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தனி ரவுட்டர் வாங்குவது வேகத்துக்காக இல்லை, யாரும் குறுக்கே வராத காலி இடத்துக்காக.

புது ரவுட்டர் வாங்கிட்டேன். கம்ப்யூட்டர் பழைய ரவுட்டர்ல, ஹெட்செட் புதுசுல. ஹெட்செட்ல கம்ப்யூட்டர் பேரே வரமாட்டேங்குது. (மதுரை)

இதை வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். புது ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடி இருந்தால், தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க் போட்டு, நடுவில் சுவர் எழுப்பிவிடும். ஹெட்செட் சுவருக்கு உள்ளே, கம்ப்யூட்டர் வெளியே. ஒன்றை ஒன்று தேடினால் கிடைக்காது.

புது ரவுட்டரின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று இருக்கும். அதற்கு மாற்றுங்கள், சுவர் போய்விடும், புதுசும் பழைய நெட்வொர்க்கிலேயே சேர்ந்துவிடும். ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் புது ரவுட்டருக்கு. புது ரவுட்டரிலிருந்து இன்னொரு கேபிள் கம்ப்யூட்டருக்கு. அந்த மோடு இல்லாத ரவுட்டர் என்றால், அதன் ஐபி முகவரியைப் பழைய ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, ஃபைபர் பெட்டியின் கேபிளை வான் துளையை (இணையத்துக்கானது) விட்டுவிட்டு லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கானது) செருகினால் அதே பலன்.

புது வைஃபைக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட் வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து மாமா வந்து கேட்டால் பழையதைக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் மாடி ரூம்ல இருக்கு. ஓனர் சுவத்துல ஓட்டை போட விடமாட்டார். கம்ப்யூட்டரும் வைஃபைலதான். இப்படியே விளையாட முடியாதா? (திருப்பூர்)

முடியும், ஆனால் ஒவ்வொரு படமும் காற்றை இரண்டு முறை கடக்கும்: கம்ப்யூட்டரிலிருந்து கீழே ரவுட்டருக்கு, அங்கிருந்து திரும்ப மேலே ஹெட்செட்டுக்கு. இரண்டும் ஒரே சேனல் என்றால் பாதி இடம் அங்கேயே போய்விட்டது.

ஓட்டை போடாமல் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் இணையத்துக்கு மட்டும் பழையபடி வைஃபையைப் பிடித்துக்கொள்ளட்டும். புது ரவுட்டரை மேசைமேலேயே வைத்து, ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு, ஒரு மீட்டர் கேபிளில் கம்ப்யூட்டரின் லேன் துளையோடு இணையுங்கள். விண்டோஸில் வைஃபை இணைப்பின் ப்ராபர்ட்டீஸுக்குள் போனால் இணைய இணைப்பைப் பகிரும் வசதி இருக்கும். அதை லேன் துளைக்குத் திறந்துவிடுங்கள். லேன் பக்கம் 192.168.137.1 என்று முகவரி வந்தால் வேலை முடிந்தது. படம் கேபிள் வழியாக ரவுட்டருக்குப் போய் ஒரே தாவலில் ஹெட்செட்டுக்கு வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய வைஃபையும் புதுசும் வேறு வேறு சேனலில் இருக்க வேண்டும்.

ரவுட்டரே வேண்டாம், விண்டோஸ் ஹாட்ஸ்பாட் போதாதா? (மாணவர், சேலம்)

காசில்லாமல் முடியும் என்பதால் முதலில் அதைத்தான் முயல வேண்டும். சிலருக்கு அருமையாக ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் அவ்வப்போது சுற்றுப்புறத்தில் வேறு என்ன வைஃபை இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் படம் ஒரு குலுக்கு குலுக்கும். சில வைஃபை கார்டுகள் ஹாட்ஸ்பாட்டை 5 ஜிகாஹெர்ட்ஸில் திறக்கவே விடாது. வைஃபையின் இன்னொரு அலைவரிசைப் பட்டையான 2.4 இந்த வேலைக்கு ஆகாது.

இந்த யோசனையையே ஒழுங்காகச் செய்தால் என்ன என்று 2022இல் டி-லிங்க், மெட்டாவோடு சேர்ந்து வி.ஆர். ஏர் பிரிட்ஜ் என்ற யுஎஸ்பி கருவியைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 2018இல், எச்டிசி தன் வைவ் ஹெட்செட்டுக்கு 60 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் அடாப்டர் விற்றது. 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃபிரேமில் 6 ஜிகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி கருவி ஹெட்செட்டோடே வருகிறது. ஹெட்செட்டுக்குள்ளும் இரண்டு ரேடியோ: ஒன்று படத்துக்கு, இன்னொன்று இணையத்துக்கு. தனிப் பாதை வேண்டும் என்பது நம்மைப் போன்ற பைத்தியங்களின் பிடிவாதம் மட்டும் இல்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

எட்டு ஆன்டெனா ரவுட்டர் ஒண்ணு ஆஃபர்ல வந்திருக்கு. வாங்கலாமா? (கோவை)

ஹெட்செட்டுக்கு இரண்டு ஆன்டெனாதான். மற்ற ஆறும் அலங்காரத்துக்கு நிற்கும். வைஃபை 6, சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா என்றால் இணைப்பு வேகம் 1201 எம்பிபிஎஸ். க்வெஸ்ட் 2க்கு அது தாராளம். பழைய வைஃபை 5 ரவுட்டர் சும்மா கிடந்தால் 866 கிடைக்கும், அதிலும் விளையாடலாம்.

பெட்டியின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், திருப்பிப் பாருங்கள். மலிவு ரவுட்டர்களில் பலவற்றில் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான். காற்றில் 1200 போகும், துளைக்குள் 100தான் நுழையும். கிகாபிட் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர்தான் கோளாறு என்று நினைத்து விலை கூடிய ஒன்றை வாங்கி, இரண்டு வாரம் செட்டிங்கை நோண்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் பழைய லேன் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருந்தது. 100 எம்பிபிஎஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால் இணைப்பு அறுபடாமல் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை. விண்டோஸில் ஈதர்நெட் நிலையைத் திறந்து இணைப்பு வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அபார்ட்மென்ட்ல நாற்பது வைஃபை தெரியுது. எந்த சேனல் வைக்கறது? (வேளச்சேரி)

இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ஆனால் எல்லா ரவுட்டரும் வழக்கமாக 36லிருந்து 48 வரை அல்லது 149லிருந்து 161 வரை போய் உட்காரும். போனில் வைஃபை அனலைசர் ஒன்றைப் போட்டு இரண்டில் எது காலி என்று பாருங்கள். பார்ப்பதை நீங்கள் விளையாடும் நேரத்தில், அதாவது ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்யுங்கள். மதியம் பார்த்தால் எல்லாம் காலியாகத்தான் தெரியும்.

இரண்டிலும் நெரிசல் என்றால் 52லிருந்து 144 வரை உள்ள சேனல்கள் உண்டு. இவை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரவுட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். நடுவில் ரேடார் என்று சந்தேகம் வந்தாலே சேனலை விட்டு ஓடிவிடும், விளையாட்டு அறுந்துவிடும். பல இடங்களில் அப்படி நடப்பதே இல்லை. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அகலம் 80 போதும். 160 வைத்தால் இன்னும் நாலு பக்கத்து வீட்டுக்காரர்களோடு உங்களுக்குச் சண்டை. சேனலை ஆட்டோவில் விடாதீர்கள். 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் சேர்க்கும் ஸ்மார்ட் கனெக்டை அணையுங்கள். டபிள்யூஎம்எம் (எந்தத் தகவல் முதலில் போகவேண்டும் என்று பார்ப்பது) என்ற ஒன்றை மட்டும் அணைத்துவிடாதீர்கள், வேகம் 54 எம்பிபிஎஸுக்கு விழுந்துவிடும்.

க்வெஸ்ட் 3 வச்சிருக்கேன். 6 ஜிகாஹெர்ட்ஸ் ரவுட்டருக்குக் காசு கொடுக்கலாமா? எச்.டி.பி. (அரசு அடுக்குமாடி) வீடு. (சிங்கப்பூர்)

உங்களுக்குக் கொடுக்கலாம். சிங்கப்பூரில் 5925லிருந்து 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸ் 2023இலேயே திறந்தாயிற்று. ஒன்றோடொன்று உரசாத மூன்று 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அதில் அடங்கும். ஹெட்செட்டில் 2400 எம்பிபிஎஸ் இணைப்பு தெரியும். ரேடார் தொல்லை இல்லை. 6 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அடுக்குமாடி வீட்டில் அதுவே வரம்: பக்கத்து வீட்டுக்காரருடையதும் உங்கள் அறைக்குள் வராது. ரவுட்டர் மட்டும் விளையாடும் அறையிலேயே இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: இதே 500 மெகாஹெர்ட்ஸை வீட்டுக்குள் குறைந்த சக்தியில் பயன்படுத்த 2025 மே மாதம் அரசு வரைவு விதி வெளியிட்டது. அது இறுதி விதியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். க்வெஸ்ட் 2க்கு 6 ஜிகாஹெர்ட்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான். ஆனாலும் தலையைத் திருப்பினா கொழகொழன்னு இருக்கு. (திருச்சி)

ஏர் லிங்க் செய்யும் வேலையையே செய்யும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்ற செயலியில், அளவுகளைப் படத்தின் மேலேயே காட்டும் ஓவர்லே உண்டு. மொத்தத் தாமதத்தை கேம், என்கோடிங் (சுருக்குவது), நெட்வொர்க், டிகோடிங் (விரிப்பது) என்று நான்காகப் பிரித்துக் காட்டும். மொத்தம் 40, 50 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. நெட்வொர்க் எண் ஒற்றை இலக்கத்தில் நிலையாக நின்றால் ரவுட்டர் குற்றவாளி இல்லை, அதை விட்டுவிடுங்கள். கேம் எண் ஏறினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது, படத் தரத்தைக் குறையுங்கள். டிகோடிங் ஏறினால் பிட்ரேட்டை (வினாடிக்கு எத்தனை மெகாபிட் அனுப்புவது என்பது) அதிகம் வைத்திருக்கிறீர்கள். ‘பெருசா வச்சா நல்லா இருக்கும்’ என்று 200இல் வைப்பவர்கள் ஒருமுறை 100இல் வைத்துப் பாருங்கள். படத்தில் வித்தியாசம் தேட வேண்டியிருக்கும், தலை திருப்பும்போது தேட வேண்டியிருக்காது.

நெட்வொர்க் எண் திடீர் திடீரென்று துள்ளினால் மட்டும் காற்றைச் சந்தேகப்படுங்கள். முதலில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால், டிவிக்கு அடியில் என்றால் வெளியே எடுங்கள். தலைக்கு மேலே, ஹெட்செட்டுக்கு நேர்ப் பார்வையில் வையுங்கள். நீங்கள் திரும்பி நிற்கும்போது உங்கள் உடம்பே மறைக்கும்.

பையன் தனி ரவுட்டர் வேணும்னு ஒரு மாசமா நச்சரிக்கிறான். நிஜமாவே வேணுமா, இல்ல சும்மா சொல்றானா? (ஓர் அம்மா, ஈரோடு)

அம்மா, காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் டிவியை அணையுங்கள். வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் வைஃபையை அணையுங்கள். தம்பியின் கம்ப்யூட்டரை இப்போதுள்ள ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, அந்த ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று விளையாடச் சொல்லுங்கள். அப்போது சுத்தமாக ஓடி, மற்றவர்கள் போனைத் திறந்ததும் படம் உடைந்தால் அவன் சொல்வது நிஜம்தான், வாங்கிக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்திலும் உடைந்தால் ரவுட்டரால் தீராது. மேலே சொன்ன நான்கு எண்களையும் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.