சிஸ்டரிடம் கேளுங்கள்: ஆஸ்பத்திரிச் சுவரில் என்ன மாட்டலாம்?

கேள்வி: என் மகள் இங்கே மும்பையில் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். என் மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கும் ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் மொட்டையாக இருக்கிறது, என் ஓவியங்களைக் கொடுக்கப் போகிறேன் என்கிறாள். அவள் வரைவதெல்லாம் கட்டமும் கோடும்தான். படம் பார்த்தால் நோயாளிக்கு நல்லது என்று அவள் சொல்வது உண்மையா? எதைக் கொடுக்கலாம்?
– வாசகி, முலுண்ட்

பதில்: படத்தால் கிட்னி சரியாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே யாராவது வாட்ஸ்அப்பில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். குறைவது பயமும் வலியும். சயன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் என் காலம் போனது. பயந்த நோயாளிக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் திண்டாடிய எந்த நர்ஸும் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டாள்.

உங்கள் மகள் படித்தது அநேகமாக ரோஜர் உல்ரிச் செய்த ஆய்வாக இருக்கும். 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் அது ஜன்னல், ஓவியம் இல்லை. 46 பேர் என்பதும் பெரிய கூட்டம் இல்லை.

ஓவியத்தை வைத்தும் அவரே பிறகு பார்த்தார், ஸ்வீடனில் உப்சாலா ஆஸ்பத்திரியில், இதய ஆபரேஷன் முடிந்தவர்களிடம். மரமும் தண்ணீரும் உள்ள காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. நேர்கோடுகளால் ஆன நவீன ஓவியம் இருந்த அறையிலோ, படமே இல்லாதவர்களைவிடப் பதற்றம் கூடியது! கட்டமும் கோடும் கண்காட்சிக்குப் போகட்டும் என்று மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அதற்காக அருவி வரைந்துவிடப் போகிறாள், ஜாக்கிரதை. டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுப்போம். நாக்கு வறண்டு நாலு மணி நேரம் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் எதிரே கொட்டுகிற அருவியை மாட்டுவது எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. இதற்கு ஆய்வு எதையும் காட்ட மாட்டேன், பார்த்த முகங்கள் போதும். மாமரம், வயல் வரப்பு, மாட்டுங்கா பூக்கடை வரிசை, மழைக்குப் பிறகு பச்சையாகிற சஹ்யாத்ரி மலை, இப்படி வரையட்டும். நேராக முறைக்கிற பெரிய கண்கள் வேண்டாம். வயதானவர்களுக்கு இரவில் மனக்குழப்பம் வரும். சுவரில் ஆள் நிற்கிறான் என்று கத்துவார்கள்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் எனக்கு ஆஸ்பத்திரிகளோடு சண்டை. நல்ல படமெல்லாம் ரிசப்ஷனில் இருக்கும், பணம் கட்ட வருபவர் பார்ப்பதற்கு. வார்டுக்கு ஒன்று வந்தாலும் கட்டிலின் தலைமாட்டில் மாட்டுவார்கள். படுத்திருப்பவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மகளை டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கண் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் எதிர்ச் சுவர், ஸ்ட்ரெச்சர் போகிற வழியென்றால் கூரை.

கொடுப்பதற்கு முன் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டரைப் பார்க்க வேண்டும். கிருமிநாசினி போட்டுத் துடைக்க முடியாத எதையும் அவர் உள்ளே விடமாட்டார். மும்பை மழையில் திறந்த கேன்வாஸ் பூசணம் பிடிக்கும். ஒரிஜினலை வீட்டில் வைத்துக்கொண்டு, நல்ல பிரிண்ட் எடுத்து, மினுமினுக்காத அக்ரிலிக் ஷீட் போட்டு, சுவரோடு ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிடுவது உத்தமம். கண்ணாடி வேண்டாம். உடையும், ட்யூப்லைட்டும் அதில் தெரியும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. தெரபிஸ்ட் க்ரேயானில் வரையச் சொல்கிறார். "நான் என்ன எல்கேஜி பிள்ளையா?" என்று தூக்கி எறிகிறார்.
– வாசகர், தாராவி

பதில்: எறியத்தான் செய்வார். வாழ்நாளெல்லாம் வாசலில் கோலம் போட்ட கை அது. தட்டில் கோலமாவைக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மாவைக் கிள்ளி விடுகிற வேலைதான் தெரபிஸ்ட் கேட்கிற பயிற்சியும். முதலில் புள்ளி மட்டும், சிக்குக் கோலமெல்லாம் மெதுவாக வரட்டும். எந்தக் கை, எவ்வளவு நேரம் என்பதை தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். அவர் இடது கையையும் சேர்க்கச் சொல்லி, "இடக்கையால் கோலமா?" என்று அம்மா மறுத்தால், சாஸ்திரம் வாசலுக்குத்தான், தட்டுக்கு இல்லை என்று என் பெயரில் சொல்லுங்கள்.

படுக்கையில் இருப்பவர் தானே வரைவது புதிதும் இல்லை. ஏட்ரியன் ஹில் என்ற இங்கிலாந்து ஓவியர், 1938-ல் காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோது வரைய ஆரம்பித்து, பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார்.

கேள்வி: ஐ.சி.யு.வில் இருக்கும் அண்ணனுக்குப் பக்கத்தில் முருகன் படம் வைக்கலாமா?
– வாசகி, செம்பூர்

பதில்: சுவரில் முடியாது, அது எல்லா மதத்தவருக்குமான இடம். லேமினேட் செய்த சின்னப் படம் என்றால் ட்யூட்டி சிஸ்டரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் துடைக்கலாம். விபூதி, பூ, பிரசாதம் கூடாது. நானும் விட்டதில்லை.