வாசகர் கேள்விகள்: பேஸ் வாங்குமுன் கேட்க வேண்டிய இடம்

(டபுள் பேஸ், அதாவது வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த ஒலியுள்ள வாத்தியத்தை வாசிக்கும் கலைஞர் ஒருவர் வாசகர்களின் இசை ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதி. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூடப்பட்ட இசைத்தட்டுக் கடைகளைப் பற்றியும் பேஸ் வாங்குவதைப் பற்றியும் இருந்தன.)

எல்லாப் பாடல்களும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. இசைத்தட்டுக் கடைகள் மூடப்பட்டதற்காக இசைக்கலைஞர்கள் வருந்துவது வெறும் பழங்கால ஏக்கம்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

ஏக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, ஐயா. ஆனால் பாட்டு கிடைக்கவில்லை என்று இன்று எந்தக் கலைஞரும் வருந்த முடியாது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகும் வரை, அங்கிருந்த பழைய தட்டுக் கடைகளில் மாதக்கணக்கில் தேடியும் அகப்படாத பதிவுகள் இப்போது நினைத்த மாத்திரத்தில் கிடைக்கின்றன. நாம் இழந்திருப்பது, காசு கொடுப்பதற்கு முன் நல்ல ஒலிபெருக்கியில், விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, நின்று கேட்பதற்கான ஓர் இடத்தை.

பேஸ் வாசிப்பவர்களுக்கு இந்த இழப்பு மற்றவர்களைவிட அதிகம். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. கைபேசிக்குள் இருக்கும் நகமளவு ஒலிபெருக்கியால் அந்த அதிர்வைக் காற்றில் எழுப்ப முடியாது. ஆயினும் பேஸ் கேட்பதுபோல நமக்குத் தோன்றுவது, அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேலதிர்வுகளைக் கொண்டு அடிப்படை ஸ்வரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்வதால்தான். அப்படி ஊகித்துக் கேட்கும்போது எந்த ஸ்வரம் என்பது தெரிந்துவிடும். விரல் தந்தியை எப்படி விட்டது, ஒலி எவ்வளவு நேரம் நின்றது, வாத்தியத்தின் மரம் அதற்கு என்ன சேர்த்தது என்பவையெல்லாம் தெரியா.

எண்பதுகளில் நம் சிற்றூர்களில்கூட இருந்த ரெக்கார்டிங் கடைகள் உங்களுக்கு நினைவிருக்கும். பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதி, அறுபது நிமிடமா தொண்ணூறு நிமிடமா என்று சொல்லி, வெற்றுக் கேசட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்பார். காப்புரிமைச் சட்டம் அதை ஏற்கவில்லை. அந்தத் தொழிலுக்காக நான் வாதாடவும் இல்லை. ஆனால் கடை வாசலில் பெரிய பெட்டிகளை வைத்து, ஒலியின் ஏற்ற இறக்கங்களைச் சரிசெய்யும் ஈக்வலைசரில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிவிட்டுப் பாட்டுப் போட்ட அந்தக் கடைக்காரர்களால்தான், பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே என் தலைமுறையில் பலருக்குத் தெரிய வந்தது.

கடைகள் மூடியதற்குக் கைபேசியை மட்டும் பழிப்பதும் சரியன்று. நம் ஊரில் இசைத்தட்டை முதலில் ஓரங்கட்டியது மலிவு விலைக் கேசட். கேசட்டைக் குறுந்தகடும், குறுந்தகட்டை நூறு பாடல்களுக்கு மேல் அடங்கிய எம்பி3 தகடும் வீழ்த்தின. 1999-இல் பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டரும், 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடையும் வந்தபோதே உலகெங்கும் பெரிய கடைகள் ஆட்டம் கண்டுவிட்டன. அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் 2006-இல் மூடப்பட்டது; இங்கே மியூசிக் வேர்ல்டு 2013-இலும், மும்பை காலாகோடாவில் 1940-களிலிருந்து இருந்துவந்த ரிதம் ஹவுஸ் 2016-இலும் கதவடைத்தன. நகரின் நடுவே பெரிய கடைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, ஆள் வைத்துப் பாட்டு விற்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

இசைத்தட்டுகள் மறுபடியும் விற்கின்றனவாமே? கடைகளும் திரும்பி வருமா? இசைத்தட்டில்தான் பேஸ் நன்றாகக் கேட்கும் என்கிறார்களே, அது உண்மையா?
– பொறியாளர், சென்னை

விற்கின்றன. 1987-க்குப் பிறகு முதன்முறையாக 2022-இல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் அதிகமாக விற்றன: ஏறக்குறைய 4.1 கோடி தட்டுகள், 3.3 கோடி குறுந்தகடுகள். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1921-இல் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் திறந்துவைத்த எச்எம்வி கடை, 2019-இல் மூடப்பட்டு, 2023 இறுதியில் அதே முகவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. டவர் ரெக்கார்ட்ஸின் ஜப்பானியக் கிளை, தாய் நிறுவனம் விழுவதற்கு முன்பே பிரிந்துபோய்விட்டதால், டோக்கியோவில் இன்றும் இயங்குகிறது. ஆனால் நம் நாட்டில் ஒரு புதிய தட்டின் விலையில் பல மாதங்களுக்கான இணையவழிச் சந்தாவைக் கட்டிவிடலாம் என்ற நிலையில், சேகரிப்பவர்களுக்கான சில சிறிய கடைகளைத் தவிர வேறெதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

பேஸ் இசைத்தட்டில்தான் நன்றாக இருக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தாழ்ந்த ஸ்வரங்கள் தட்டின் வரிப்பள்ளத்தை அகலமாக ஆட்டுவதால், தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து, கேட்கும்போது பெருக்கியில் அதே அளவு கூட்டிக்கொள்கிறார்கள். 1954-லிருந்து இதற்குப் பொதுவான ஒரு வரையறை நடைமுறையில் இருக்கிறது. இத்தனை ஏற்பாடும் இல்லாமலே குறுந்தகடு 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு) ஒலியைச் சுமந்துவிடும். இசைத்தட்டின் உண்மையான பயன் வேறொன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டினால் ஷட்ஜம் ஏறக்குறைய மத்திமத்துக்கு ஏறிவிடும். அடியில் மறைந்திருந்த பேஸ் மேலே வந்து துலக்கமாகக் கேட்கும். வேகம் கூடினாலும் ஸ்வரம் பிடிபடும் என்பதால், பாட்டிலிருந்து பேஸை எடுத்து எழுதப் பலரும் இந்த வழியைக் கையாண்டார்கள். இப்போது அதே வேலையைக் கணினிச் செயலி இன்னும் நன்றாகச் செய்கிறது. தட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

என் மகன் மூன்று ஆண்டுகளாக எலெக்ட்ரிக் பேஸ் வாசிக்கிறான். இப்போது “அக்கூஸ்டிக் பேஸ்” வேண்டும் என்கிறான். கிதார் வடிவிலுள்ள அக்கூஸ்டிக் பேஸ் கிதாரே போதும், அதற்கு ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– குடும்பத்தலைவி, கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் மகன் எதைக் கேட்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அக்கூஸ்டிக் பேஸ் என்ற பெயரில் இரண்டு வாத்தியங்கள் உண்டு. ஒன்று, நின்றுகொண்டு வாசிக்கும், ஏறக்குறைய ஆறடி உயரமுள்ள டபுள் பேஸ். மற்றொன்று, பெரிய கிதார்போல மடியில் வைத்து வாசிக்கும் அக்கூஸ்டிக் பேஸ் கிதார். இரண்டுக்கும் தந்திகளின் சுருதி ஒன்றே. மற்றபடி தந்தியின் நீளமும் (டபுள் பேஸில் சுமார் 105 செ.மீ., பேஸ் கிதாரில் பெரும்பாலும் 86 செ.மீ.), கை வைக்கும் முறையும், ஒலியும் வேறு வேறு.

ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை என்பதை நம்ப வேண்டாம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். கிதாரின் உடலுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் அருகில்தான் இயல்பாக ஒத்ததிர்கிறது. அக்கூஸ்டிக் பேஸ் கிதாரின் உடல் அதைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். டபுள் பேஸின் உடலே 60 ஹெர்ட்ஸுக்கு அருகில்தான் ஒத்ததிர்கிறது என்றால், மடியில் அடங்கும் பெட்டியிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? படுக்கையறையில் தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் கிதாரைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தால் பேஸ் காணாமல் போய்விடும். எர்னி பால் நிறுவனம் 1972-இல் எர்த்வுட் என்ற பெயரில் அக்கூஸ்டிக் பேஸ் கிதாரைச் செய்தபோது, மெக்சிகோவின் மரியாச்சி நாட்டுப்புற இசைக் குழுக்கள் வைத்திருக்கும் கிதாரோன் என்ற பருத்த பேஸ் வாத்தியத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அந்த உடல் தோளில் சுமக்கச் சிரமமான அளவுக்குப் பருத்திருந்ததற்குக் காரணம் இதுவே. பிற்காலத்தில் வந்த மெல்லிய உடல்கள் சுமக்க எளிதாயின, ஒலியை இழந்தன. 1989-இல் தொடங்கிய எம்டிவியின் ‘அன்பிளக்டு’ (மின் இணைப்பில்லாத) நிகழ்ச்சிகளில் இந்த வாத்தியம் புகழ்பெற்றது. அங்கும் அதை ஒலிபெருக்கியில் இணைத்துத்தான் வாசித்தார்கள் என்பது வேடிக்கை.

ஆகவே, வீட்டில் பயிற்சி செய்யவும் நண்பர்களோடு பாடவும் என்றால், பிக்கப் (தந்தியின் அதிர்வை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) பொருத்தப்பட்ட ஓர் அக்கூஸ்டிக் பேஸ் கிதாரை வாங்கிக் கொடுங்கள். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் ஆகியவற்றில் அவருக்கு நாட்டம் இருந்தால், அந்தப் பணத்தை அதில் செலவழிக்காமல் டபுள் பேஸுக்குச் சேர்த்துவையுங்கள். வில் பிடிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவரையும் இப்போதே தேடுங்கள். ஆசிரியர் கிடைப்பதுதான் வாத்தியம் கிடைப்பதைவிட அரிது.

டபுள் பேஸில் ப்ளைவுட் வாங்குவது கேவலம், செதுக்கிய கட்டைதான் உயர்ந்தது என்கிறார்கள். நான் கடலோரத்தில் வசிக்கிறேன். எது ஏற்றது?
– வங்கி ஊழியர், புதுச்சேரி

முதல் வாத்தியம் என்றால் ப்ளைவுட் வாங்குங்கள். அதில் கேவலம் எதுவுமில்லை. சிகாகோவின் கே நிறுவனம் 1937-லிருந்து செய்த ப்ளைவுட் பேஸ்கள் அமெரிக்காவின் பள்ளிகளிலும் நடன அரங்குகளிலும் பதிவுக் கூடங்களிலும் பல பத்தாண்டுகள் உழைத்தன. ஸ்ப்ரூஸ் முகப்பையும் மேப்பிள் முதுகையும் கையால் செதுக்கிச் செய்த பேஸின் ஒலி, குறிப்பாக வில் வாசிப்பில், ப்ளைவுட்டால் எட்ட முடியாத ஆழமும் அடுக்கும் கொண்டது என்பது உண்மைதான். ஆனால் மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்கே உப்பும், வறட்சியில் சுருங்கும். இழைகளை மாற்றி மாற்றி ஒட்டிய ப்ளைவுட்டில் அந்த அசைவு மிகக் குறைவு.

கடற்காற்று மட்டும் என்றால் செதுக்கிய பேஸ் தாக்குப்பிடித்துவிடும். ஈரத்தில் முகப்பு உப்பி, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜை உயர்த்தி, தந்திகளை விரலுக்கு எட்டாமல் செய்துவிடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் உள்ள பிரிட்ஜ் அதற்குத் தீர்வு. பெருங்கேடு விளைவிப்பது, ஐப்பசி மழையில் ஊறிய வாத்தியத்தை இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் அறையில் வைப்பது. மேல்பலகை மட்டும் செதுக்கிய மரமாகவும் பக்கமும் முதுகும் ப்ளைவுட்டாகவும் அமைந்த கலப்பு வகை, இரண்டாவது வாத்தியமாக வாங்க நல்லது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேஸின் ஓரங்கள் விலங்குப் பசையால் ஒட்டப்படுவது, மரம் இழுக்கும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு மட்டும் விட்டுக்கொடுக்கட்டும் என்பதற்காக. ஒட்டு விட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் அக்கம்பக்கத்துத் தச்சரிடம் கொடுத்து ஃபெவிகால் வைத்து ஒட்டிவிடாதீர்கள். அடுத்த முறை பிளப்பது முகப்புப் பலகையாக இருக்கும்.

பழைய டபுள் பேஸ் ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவர் படங்களும் காணொளியும் அனுப்பியிருக்கிறார். அவற்றை நம்பி வாங்கலாமா?
– இசைக் கல்லூரி மாணவர், மதுரை

வேண்டாம். இசைத்தட்டுக் கடைகள் போனபின் பாட்டைக் கேட்காமலே தேர்ந்தெடுக்கப் பழகிவிட்டோம்; பிடிக்காத பாட்டை அடுத்த நொடியில் தள்ளிவிடலாம், பிடிக்காத பேஸை அப்படித் தள்ள முடியாது. காணொளியில் நீங்கள் கேட்பது விற்பவரின் மைக்கையும் உங்கள் கைபேசியையும்தான். 1842-இல் மிஸ்கித் நிறுவனமாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல், தட்டும் கேசட்டும் குறுந்தகடும் வந்து மறைந்த பின்னும் அண்ணா சாலையில் நிலைத்திருப்பதற்குக் காரணம், வாத்தியத்தைத் தொட்டும் கேட்டும்தான் வாங்க முடியும் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

நேரில் போகும்போது பேஸ் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் வாசிக்க, நீங்கள் அறையின் மறுகோடிக்குப் போய்க் கேளுங்கள். வாசிப்பவரின் காதருகே முழங்கும் சில பேஸ்கள் பத்தடி தாண்டுவதில்லை. ஒவ்வொரு தந்தியிலும் எல்லா ஸ்வரங்களையும் மெதுவாக வாசிக்கச் சொல்லி, எங்காவது ஒலி திக்குகிறதா, அதிர்கிறதா என்று பாருங்கள். விரல் முட்டியால் ஓரங்களைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால் ஒட்டு விட்ட இடம் சலசலப்பில் தெரிந்துவிடும்.

அதற்கு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியவை இரண்டு: கழுத்து உடலோடு சேரும் இடத்தில் விரிசல், உள்ளே பிரிட்ஜின் பாரத்தைத் தாங்கி நிற்கும் சவுண்ட் போஸ்ட்டுக்கு நேராக மேல்பலகையிலோ முதுகிலோ விரிசல். நான்கு தந்திகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தருவதால், இந்த இரண்டு இடங்களும் பழுதானால் செப்பனிடும் செலவு வாத்தியத்தின் விலையைத் தாண்டிவிடலாம். விரல் வைத்துத் தந்தியை அழுத்தும் ஃபிங்கர்போர்டு கருங்காலிதானா, வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியதா என்று அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ‘முக்கால் அளவு’ என்று சொன்னால் சிறுவர்களுக்கானது என்று ஒதுக்காதீர்கள். உலகில் பெரும்பாலான பெரியவர்கள் வாசிப்பது அந்த அளவைத்தான். புதிய தந்திகள், பிரிட்ஜ் சீரமைப்பு ஆகியவற்றின் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

டபுள் பேஸைக் கேட்டுப் பழக யாருடைய பதிவுகளில் தொடங்கலாம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

ஜாஸ் பேஸ் கலைஞர் ஜிம்மி பிளான்டன், ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் பியானோவோடு தனித்து வாசித்த 1939, 1940-ஆம் ஆண்டுப் பதிவுகளில் தொடங்குங்கள். தாளத்துக்குத் துணையாக நின்ற வாத்தியம் ராகம் பேசத் தொடங்கியதை அவற்றில் கேட்கலாம். அவர் 23 வயதில் காசநோயால் இறந்துவிட்டார். அடுத்து, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் அரங்கில் 1961 ஜூன் 25 அன்று பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த பதிவுகள். அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினொன்றாம் நாள் சாலை விபத்தில் மாண்டார். நம் இசைக்கு அருகில் வர வேண்டுமானால், தபலா கலைஞர் சாகிர் உசேனோடு பேஸ் கலைஞர் டேவ் ஹாலண்ட் வாசித்து 2019-இல் வந்த தொகுப்பையும், சாகிர் உசேன், குழல் கலைஞர் ராகேஷ் சௌராசியா ஆகியோரோடு பேஸ் கலைஞர் எட்கர் மேயர் வாசித்து 2023-இல் வந்த தொகுப்பையும் கேளுங்கள். தபலாவின் இடக்கைத் தொனியும் பேஸும் ஒரே தாழ்ந்த பரப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது யார் எப்போது விலகி வழிவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். கைபேசியில் கேட்க வேண்டாம். ஊரில் நல்ல ஒலிபெருக்கி வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார், அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.